கடிதத்தின் அடியில் நாலு எழுத்து

கும்மிடிப்பூண்டி வால்வு கம்பெனியிலிருந்து வெளியே போன ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இடது ஓரத்தில், RS/ns என்று நாலு எழுத்து இருக்கும். பெரிய எழுத்து இரண்டும் கடிதத்தைச் சொன்னவருக்கு. சின்ன எழுத்து இரண்டும் அதை டைப் அடித்தவருக்கு. RS என்றால் மேனேஜர் ஆர். சடகோபன், ns என்றால் டைப்பிஸ்ட் நா. சம்பூர்ணம். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஆபீஸ்காரர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஏற்பாட்டில் ஒரு குற்றமும் இல்லை. இந்த ஆபீசில் அந்த எழுத்து சொன்னது பொய் என்பதுதான் சங்கதி.

சடகோபன் கடிதமே சொன்னதில்லை என்று சொன்னால் அது பாவம். வருஷத்துக்கு இரண்டு மூன்று சொல்வார். தீபாவளிக்கு முந்திய வாரம் தலைமை ஆபீசுக்கு லீவு கேட்டு ஒன்று, கெஸ்ட் ஹவுசில் மின்விசிறி ஓடவில்லை என்று ஒன்று. மற்றபடி காலையில் தபால் வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் இரண்டே வார்த்தை எழுதுவார். ‘ரிப்ளை சூட்டபிளி.’ தக்கபடி பதில் எழுதவும் என்று அர்த்தம். கீழே RS என்று ஒரு சுழி. அதோடு அவர் வேலை முடிந்தது. தக்கபடி என்றால் எப்படி என்று அவரும் சொல்ல மாட்டார், சம்பூர்ணமும் கேட்க மாட்டாள்.

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதுவாள். பம்பாய்க்காரன் சரக்கு ஏன் தாமதம் என்று கேட்பான். விசாகப்பட்டினத்துக்காரன் விலையைக் குறைக்கச் சொல்வான். மின்சார வாரியத்துக்கு மூன்றாவது நினைவூட்டல் போகவேண்டும். ஒருவனிடம் கெஞ்சி, ஒருவனிடம் மிஞ்சி, எல்லாரிடமும் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்து, மூன்று கார்பன் வைத்து அடித்து, சாயந்திரம் நாலு மணிக்கு மேஜையில் கொண்டுபோய் வைப்பாள். சடகோபன் மளமளவென்று கையெழுத்துப் போடுவார். படிப்பதில்லை. கடிதம் எழுதியது அவள். பெரிய எழுத்து அவருக்கு. கையெழுத்து யாருடையதோ பெயரும் அவருடையது என்றுதான் பொன்னேரி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் ஆறு வருஷமாக அப்படியே அடித்துக்கொண்டிருந்தாள்.

சம்பூர்ணம் பழவேற்காட்டுப் பெண். அப்பா நாகமுத்து ஏரியில் இறால் பிடிப்பவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பிங்கில் இரண்டு மொழியிலும் ஹையர் பாஸ் செய்து, எழுபத்தொன்றில் இந்த வேலைக்கு வந்தாள். விடிந்ததும் பஸ் ஏறிப் பொன்னேரி, அங்கிருந்து பாசஞ்சரில் கும்மிடிப்பூண்டி. இங்கிலீஷை அவள் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. வந்த கடிதங்களைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டாள். யாராவது ஒரு வாக்கியத்தை அழகாக எழுதியிருந்தால் அதை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்வாள். பம்பாய்ப் பார்சிக்காரர் ஒருவர் திட்டுவதைக்கூட அவ்வளவு மரியாதையாகத் திட்டுவார். அவரிடமிருந்துதான் பாதி இங்கிலீஷ் வந்தது.

ஆறு வருஷமாகியும் அவள் டெம்ப்ரவரி. நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்று ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் நிறுத்தி வைத்து, மறுநாள் புது ஆர்டர் கொடுப்பார்கள். எழுபத்தேழு சித்திரையில்தான் ஒரு வழி திறந்தது. தொழிற்சாலைக்கு ஒரு கரஸ்பாண்டன்ஸ் கிளார்க் வேண்டும், நிரந்தர வேலை, கடிதங்களைச் சொந்தமாக எழுதி மூன்று வருஷ அனுபவம் இருக்கவேண்டும் என்று தலைமை ஆபீசிலிருந்து சுற்றறிக்கை வந்தது. சம்பூர்ணம் அதை மூன்று தடவை படித்தாள். அவள் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு அவளே மனுப் போடலாம் என்றால் படிக்காமல் இருப்பாளா?

மனுப் போட்டாள். பதினைந்து நாளில் பதில் வந்தது. ‘மனுதாரர் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து இங்கே வரும் நகல்களைப் பார்த்ததில், அவர் செய்திருப்பது டைப் அடிக்கும் வேலை மட்டுமே என்று தெரிகிறது.’ அவ்வளவுதான். ஆறு வருஷ நகலும் RS/ns என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தது! அவள் தன் கையால் அடித்த எழுத்தே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயந்திரம் சடகோபனிடம் போய் நின்றாள்.

“சார், லெட்டரெல்லாம் நான்தான் எழுதறேன்னு நீங்க ஒரு சர்டிபிகேட் குடுத்தா, மறுபடியும் அனுப்பிப் பார்க்கலாம் சார்.”

சடகோபன் நல்ல மனுஷர். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருவள்ளூர்க்காரர், அண்ணன் கோயில் கைங்கரியத்தில் இருக்க, இவர் இன்ஜினியரிங் டிப்ளமா படித்து இந்தப் பக்கம் வந்தவர். வாரம் முழுக்க கெஸ்ட் ஹவுஸ், சனிக்கிழமை சாயந்திரம் ஊர். இண்டர்வியூவுக்கு நாலு பேர் வந்திருந்தும், மீன்காரப் பெண்ணுக்கு ஆபீஸ் பழக்கம் வராது என்று ஒருத்தர் முணுமுணுத்தும், “அவ அடிச்ச பேப்பர்ல ஒரு அழிப்பு இல்லை, எனக்கு அது போறும்” என்று சொல்லி எடுத்தவர். வெயில் நாளில் தன் செம்புத் தண்ணீரை அவள் மேஜைக்கு அனுப்பி வைப்பவர். ஆனால் நல்ல மனுஷருக்கும் பயம் உண்டு.

“கொடுக்கலாம்மா,” என்று இழுத்தார். “ஆனா யோசிச்சுப் பாரு. எல்லா லெட்டரும் டைப்பிஸ்டே எழுதறாள்னு நான் எழுதிக் கொடுத்தா, அப்போ நீ அங்கே என்ன பண்ணிண்டிருக்கேன்னு ஹெட் ஆபீஸ்ல என்னைக் கேட்க மாட்டாளா? ரிடையராக ரெண்டு வருஷம் இருக்கு. பார்ப்போம். நேரம் வரட்டும்.”

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று ஆயிரம் கடிதம் எழுதியவளுக்குத் தெரியாதா? அவளே எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருக்கிறாள். சரி சார் என்று திரும்பி வந்தாள்.

இது நடந்து ஒரு மாசத்துக்குள் சர்க்கரை ஆலைக் கடிதம் வந்தது.

தெற்கே ஒரு சர்க்கரை ஆலைக்கு இருபது நீராவி வால்வு போயிருந்தது. பன்னிரண்டைப் பொருத்தினார்களாம். அதில் மூன்று ஒழுகி, ஒன்று சீறிக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஆளுக்கு முழங்கை வரைக்கும் வெந்துவிட்டதாம். ஆலை இன்ஜினியர் நிதானமாகத்தான் எழுதியிருந்தார். கோபமே இல்லாமல் கடைசி வரியில், ‘அந்த ஆளுக்கு வலது கை’ என்று மட்டும் சேர்த்திருந்தார். சடகோபன் ஓரத்தில் சிவப்பு மையில் வழக்கம்போல எழுதினார். ரிப்ளை சூட்டபிளி. RS.

இந்த மாதிரிக் கடிதத்துக்குத் தக்கபடி என்றால் என்ன என்று சம்பூர்ணத்துக்கு மனப்பாடம். ‘எங்கள் இடத்தை விட்டுக் கிளம்பும்போது சரக்கு முற்றிலும் நல்ல நிலையில் இருந்தது, வழியிலோ பொருத்தும்போதோ சேதம் ஆகியிருக்கலாம்.’ கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். அன்றும் பேப்பரைச் செருகி முதல் வரியை அடித்துவிட்டாள். அப்புறம் கை ஓடவில்லை. வலது கை என்ற வார்த்தை கண்ணிலேயே நின்றது. பேப்பரை உருவிப் போட்டுவிட்டு, வால்வு செய்யும் ஷெட்டுக்குப் போனாள்.

டெஸ்டிங்கில் இருந்தவர் அருணகிரி. ஆரணிக்காரர். ஒவ்வொரு வால்வையும் தண்ணீர் அழுத்தம் ஏற்றிப் பார்த்து, ஒழுகவில்லை என்றால் வெள்ளைப் பெயிண்ட் பொட்டு வைத்து அனுப்புவது அவர் வேலை.

“அண்ணே, சர்க்கரை மில்லுக்குப் போச்சே இருவது பீசு, அது டெஸ்ட் ஆச்சா இல்லியா?”

அருணகிரி பெயிண்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

“இன்னாத்துக்கும்மா கேக்கற?”

“அங்க ஒர்த்தருக்குக் கை வெந்துபூட்ச்சாம்.”

“பம்பு வாஷர் பூட்ச்சிம்மா. மூணு நாளு சும்மா கெடந்துச்சு. மாசக் கடைசி. லாரி வந்து நின்னுகினு கீது. பொட்டு வெச்சி ஏத்துன்னாங்க, ஏத்திட்டோம். நான் சொன்னேன், யாரு கேட்டா?” என்றார். “எந்தக் கையிம்மா?”

“சோத்துக்கை.”

“அடப்பாவமே,” என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சம்பூர்ணம் திரும்பி வந்து கடிதம் எழுதினாள். அந்த இருபது வால்வும் சோதனை செய்யப்படாமல் அனுப்பப்பட்டவை, அப்போது எங்கள் சோதனைப் பம்பு பழுதாகி இருந்தது, மீதி எட்டையும் தயவுசெய்து பொருத்தாதீர்கள், பொருத்தியதையும் நிறுத்திக் கழற்றிவிடுங்கள், இருபதையும் திருப்பி அனுப்பினால் சோதித்து அனுப்புகிறோம், காயமடைந்தவருக்காக வருந்துகிறோம். பன்னிரண்டு வரி. கார்பன் வைத்து அடித்தாள். அடியில் RS/ns. நாலு மணிக்குக் கொண்டுபோய் வைத்தாள். சடகோபன் அதற்கு மேலே இருந்த கடிதத்துக்கும் கீழே இருந்த கடிதத்துக்கும் எப்படிக் கையெழுத்துப் போட்டாரோ அப்படியே இதற்கும் போட்டார்.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. அந்தக் குற்றம் அவளுடையது. அதை அவள் பின்னால் ஒருநாளும் மறுக்கவில்லை.

நகல் தலைமை ஆபீசுக்குப் போயிற்று. அங்கே சட்டம் பார்ப்பவர் ஒருத்தர் அதைப் படித்துவிட்டுக் குதியாய்க் குதித்தாராம். நம் தப்புதான் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோமே, இதற்கு மேல் கோர்ட்டில் அவனுக்கு வக்கீல் எதற்கு என்று கேட்டாராம். வியாழக்கிழமை ராமபத்ரன் நேரில் வந்து விசாரிப்பார் என்று போன் வந்தது. ராமபத்ரன் நிர்வாக அதிகாரி. வேலைக்கு எடுப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர் கையில்.

புதன்கிழமை சாயந்திரம் சடகோபன் சம்பூர்ணத்தை உள்ளே கூப்பிட்டார். நகலை அன்றுதான் முதல் தடவையாக முழுசாகப் படித்திருந்தார் போலிருக்கிறது. முகம் தொங்கிப் போயிருந்தது.

“ஏம்மா இப்படிப் பண்ணினே?”

“கை வெந்தவரு கைய வழியிலயா சார் வேக வெச்சிகினாரு?”

சடகோபன் பென்சிலை உருட்டினார். “சரி, ஆனது ஆச்சு. நாளைக்கு நீ ஒண்ணும் பேசாதே. நான் டிக்டேட் பண்ணினேன், நீ அடிச்சே, அவ்வளவுதான். காப்பியிலேயும் என் இனிஷியல்தானே இருக்கு. எனக்கு என்ன பண்ணிடுவா? ஒரு வார்னிங் குடுப்பா. நீ டெம்ப்ரவரி. உன்னை நாளைக்கே வராதேன்னுடுவா.”

பெரிய மனசுதான். அந்த மனசைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. வாசலுக்கு வந்த பிறகுதான் மற்றது உறைத்தது. நான் அடிக்க மட்டும்தான் அடித்தேன் என்று ராமபத்ரன் முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் என்ன மனுப் போடுவது? வேலை நிற்கும். டைப்பிஸ்டாக நிற்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து, காலமெல்லாம் சின்ன எழுத்தாகவே இருக்கலாம். நான்தான் எழுதினேன் என்று சொன்னால் நாளைக்கே அந்த வேலையும் போகலாம். அதோடு, கூப்பிட்டு வேலை கொடுத்தவர் ஆறு வருஷமாகச் சும்மா கையெழுத்துப் போட்டதும் சந்தி சிரிக்கும்.

வீட்டில் அம்மா அஞ்சம்மாள் மகள் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

“இன்னாடி, மூஞ்சி இப்பிடி கீது?”

சம்பூர்ணம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கு வால்வும் தெரியாது, கார்பனும் தெரியாது. ஆனால் ஒன்று கேட்டாள். “நீ எய்தினதுக்கு அந்த மன்சன் அடி வாங்கிக்கினா, அப்பறம் நீ எய்தினதெல்லாம் அவருதுதானே?”

“ஆமா.”

“அப்ப யோசிச்சிக்கோ,” என்று சொல்லிவிட்டு அம்மா மீன் கழுவப் போனாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ராமபத்ரன் வந்தார். ஒல்லியான ஆள். சிரிப்பு, கோபம் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். நகலை மேஜையில் விரித்து, அடியில் இருந்த நாலு எழுத்தைப் பேனாவால் தொட்டார்.

“இதை யார் சொன்னது?”

“நான்தான் சொன்னேன்,” என்றார் சடகோபன். “கொஞ்சம் யோசிச்சிருக்கணும். தப்புதான்.”

“அடிச்சது நீயா?”

“ஆமா சார்,” என்றாள் சம்பூர்ணம். “எழுதினதும் நான்தான் சார்.”

சடகோபன் அவளைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டாள்.

“இவர் சொல்லாமல்?”

“இவர் ரிப்ளை சூட்டபிளின்னு எழுதினார் சார். நான் எழுதினேன்.”

ராமபத்ரன் நம்பவில்லை. “இந்த இங்கிலீஷ் நீ எழுதினதா? யாரைக் காப்பாத்தப் பார்க்கறே?” என்றார். டைப்பிஸ்ட் என்றால் கடிதம் எழுதத் தெரியாது என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி நிச்சயமான விஷயம்.

சம்பூர்ணத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தப்பையும் ஒப்புக்கொண்டு, அந்தத் தப்புக்கும் லாயக்கில்லை என்று கேட்டுக்கொண்டு நிற்கவேண்டுமா? பீரோவிலிருந்து நாலு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். வந்த கடிதமும் அதற்குப் போன பதிலின் நகலும் ஒன்றோடொன்று பின் குத்தி இருந்தன. வந்த கடிதத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வார்த்தை. பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் பதில். அடுத்ததிலும் இரண்டு வார்த்தை. அதற்கடுத்ததிலும்.

ராமபத்ரன் புரட்டினார். முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக. ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, “இந்தப் பம்பாய்ப் பார்ட்டிக்கு எழுதினதும் நீதானா? எம்.டி. இதைப் படிச்சுட்டுச் சடகோபனைப் புகழ்ந்தாரே,” என்றார். சடகோபன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. சம்பூர்ணத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க, ஜெயித்தது மாதிரியே இல்லை. திருடியது மாதிரி இருந்தது.

கடைசியில் ராமபத்ரன் ஃபைலை மூடினார். “மேனேஜரிடம் சொல்லாமல் கம்பெனியை மாட்டிவிடற மாதிரி எழுதினது தப்பு. டெம்ப்ரவரி ஆளை இன்னிக்கே நிறுத்தலாம். நிறுத்தினா நாளைக்கு யார் லெட்டர் எழுதுவான்னுதான் தெரியலை. மெமோவோட விடறேன். சடகோபன், மெமோ நீங்க குடுக்கணும். பேக்டரி ஆளுக்கு மேனேஜர்தான் குடுக்கணும். என்ன தப்பு, யார் செஞ்சதுன்னு தெளிவா இருக்கட்டும். நாளைக்கே காப்பி வரணும்.”

“சார்,” என்றாள் சம்பூர்ணம். “அந்த கரஸ்பாண்டன்ஸ் போஸ்டு...”

“உன் மனு பார்த்தேன். இப்போ நான் கண்ணால பார்த்தது வேற, ஃபைல்ல இருக்கறது வேற. மேனேஜர் கையெழுத்தோட ஒரு பேப்பர் இருந்தா எடுத்துப்பேன். இல்லாட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.” எழுந்து கிளம்பிவிட்டார்.

அன்று முழுக்கச் சடகோபன் அவளோடு பேசவில்லை. மறுநாள் காலையிலும் பேசவில்லை. தண்ணீர்ச் செம்பு வரவில்லை. பத்தரை மணிக்கு பியூன் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ராமபத்ரன் எழுதி வைத்துவிட்டுப் போன உத்தரவுதான் அது. மெமோ கொடுக்கவும் என்று இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், ‘இஷ்யூ சூட்டபிளி. RS.’

சம்பூர்ணம் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கோபத்தில்கூட அவருக்குத் தானாக ஒரு மெமோ எழுத வரவில்லையே! அந்த ஆபீசில் டைப்பிஸ்ட் ஒரே ஆள். டைப்பிஸ்டுக்கு மெமோ கொடுக்கவேண்டும் என்றால் அதையும் டைப்பிஸ்ட்தான் எழுதியாகவேண்டும்.

பேப்பரைச் செருகினாள். தன்னைத் தானே திட்டி எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பார்சிக்காரர் உதவினார். ‘திருமதி அல்லது செல்வி’ என்ற இடத்தில் செல்வி என்று அடித்து, இப்படிப் போனாள்: 1971 ஜூன் முதல் இந்தத் தொழிற்சாலையிலிருந்து சென்ற சுமார் இரண்டாயிரம் கடிதங்களை நீங்களே சொந்தமாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எழுதும் பொறுப்பு உங்களிடம் விடப்பட்டிருந்தது. அந்தப் பொறுப்பில் இருந்துகொண்டு, சர்க்கரை ஆலைக்கு எழுதிய கடிதத்தின் பொருளை மேனேஜரின் பார்வைக்குக் கொண்டுவராமல் அனுப்பியது தவறு. இனி இவ்வாறு நடந்தால் கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும்.

அடியில் இடது ஓரத்துக்கு வந்தாள். விரல் நின்றது. எழுதியது யார்? அடித்தது யார்? இன்றைக்கும் பொய் அடிப்பானேன்? ஷிப்டை அழுத்தி NS என்று அடித்தாள். ஒரு கோடு. ஷிப்டை விட்டு ns.

மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். சடகோபன் வழக்கப்படி பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடப் போனவர், நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். அவள் வைத்த ஒரு கடிதத்தை அவர் கையெழுத்துக்கு முன்னால் படித்தது ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. படித்து முடித்து, மறுபடியும் படித்தார்.

“இது மெமோவா? சர்டிபிகேட் மாதிரி இருக்கு.”

“எழுதினது தப்புன்னு போடணும்னா, எழுதறது நான்தான்னு போட்டாகணுமே சார்.”

“இதுல கையெழுத்துப் போட்டா என் கதி என்ன ஆறதுன்னு தெரியுமோ உனக்கு? உன்னைக் காப்பாத்தத்தானே பார்த்தேன் நான்?” கோபத்தைவிடக் குரலில் வருத்தம்தான் அதிகம்.

“தெரியும் சார்,” என்றாள். “நீங்க எனக்குச் செஞ்சத நான் மறக்க மாட்டேன். ஆனா நீங்க காப்பாத்தியிருந்தா நான் எழுதின ஒண்ணுகூட என்னுது இல்லாம பூடும் சார். படிக்காம எத்தினி போட்டீங்க. இது ஒண்ணு படிச்சுட்டுப் போடுங்க.”

வெளியே ஷெட்டில் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. சடகோபன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“சுமார் ரெண்டாயிரம்னு போட்டிருக்கியே. கணக்கு உண்டா, சும்மா போட்டியா?”

“டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர பாத்து எண்ணினேன் சார். ரெண்டாயிரத்து நூத்தி நாப்பத்தாறு.”

“நான் சொன்னதும் அதுல இருக்குமே.”

“அது பதினாறு சார். கழிச்சுட்டுத்தான் சொல்றேன்.”

“பதினாறா?” என்றார். ஆறு வருஷத்தை அவர் மனசுக்குள் புரட்டிப் பார்ப்பது தெரிந்தது. மின்விசிறி, லீவு, மின்விசிறி. பேப்பரை அவளிடம் நீட்டினார்.

“அப்போ சுமார் எதுக்கு? சரியான நம்பரையே போட்டு அடிச்சுண்டு வா.”

சம்பூர்ணம் புதுப் பேப்பரில், புதுக் கார்பனில், முதலிலிருந்து அடித்துக்கொண்டு வந்தாள். சடகோபன் அதையும் முழுசாகப் படித்தார். அடியில் NS/ns என்று இருந்த இடத்தில் கொஞ்சம் கண்ணை நிறுத்தினார். சிவப்பு மையை விட்டு நீல மையில், நிதானமாக, ஆர். சடகோபன் என்று முழுக் கையெழுத்துப் போட்டார்.

மெமோ பெற்றுக்கொண்டதற்கு அவளும் கையெழுத்துப் போட்டாள். ஊழியருக்கான நகலை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். தபால் ஐந்து மணிக்குப் போகும். இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. கரஸ்பாண்டன்ஸ் கிளார்க் வேலைக்கு மறுபடியும் ஒரு மனு அடித்தாள். நாலே வரி. கீழே தன் பெயரை அடித்து, அதற்கும் கீழே, ‘இணைப்பு: எனக்குக் கொடுக்கப்பட்ட மெமோ’ என்று அடித்து, இரண்டையும் சேர்த்துப் பின் குத்தினாள்.